தோற்காத கப்ரின்

டெனிஷ் நகரமான கிரின்ஸ்டெட்டின் உதைபந்து மைதானத்தில் ஏழு கோல் வாங்கித் தோற்ற மெலனி, காரில் ஏறியதும் சப்பாத்தைக் கழற்றி எறிந்தாள்.

“இனி விளையாடப் போகமாட்டன்!” என்று டெனிஷ் மொழியில் கத்தினாள்.

“அப்பாவைப் பாரடி,” என்றாள் தாய் தர்ஷனா. “ஊரில சண்டை முடிஞ்ச அடுத்த வருசம் கொலிச் ரீமுக்குக் கப்ரின். ஒரு மாட்சும் தோக்கேல்லை. கப் வீட்டில நிக்குது. நீ ஆருடைய பிள்ளையோ!”

தகப்பன் ஸ்ரான்லி காரைக் கிளப்பினான்.

“எத்தினை கோல் அடிச்சனீங்கள், அப்பா?”

“ஒண்டும் இல்லை.”

“பிறகு என்னெண்டு கப்?”

“மூண்டு மாட்சுக்கும் எதிர் ரீம் வரேல்லை.”

மெலனி சிரித்துவிட்டாள். “உங்களுக்குப் பயந்தோ?”

“அவையிட்டப் பதினொரு பெடியள் மிஞ்சேல்லை.”

தர்ஷனா யன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அந்தக் கப்பைத் துடைத்து வைக்கிறவள் அவள்தான்.

அன்று வெறும் மைதானத்தைச் சுற்றிக் கப்பைத் தூக்கிக்கொண்டு, கூவியபடி ஓடியதை ஸ்ரான்லி இப்போதும் சொல்லவில்லை.

“அடுத்த சனி எதிர் ரீம் வருமோ?” என்று மகளைக் கேட்டான்.

“வரும்தானே.”

“அப்ப போ. போய்த் தோத்திட்டு வா.”