கை காட்டியவர்

"நிறுத்து தம்பி, யாரோ பெரியவர் கை காட்டுறார்," என்றாள் கபலே.

யதானி நிறுத்தவில்லை. கணவாய்க்குச் சற்று முன்னால், கறுப்புக் கற்களுக்கு நடுவில் நின்று கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார் அந்தக் கிழவர். அவர் மேல் புழுதியை வாரி இறைத்துவிட்டு லாரி போய்க்கொண்டே இருந்தது.

கபலே ஆடு வியாபாரி. கென்யாவின் வடக்கே, எத்தியோப்பிய எல்லையோரம் ஊர் ஊராகப் போய் ஆடு பிடித்து, மார்சபிட் சந்தைக்குக் கொண்டுபோவாள். வழக்கமான லாரிக்காரர் மோயாலே பக்கம் போய்விட்டதால், யதானியின் லாரியில் அன்றுதான் முதல் தடவையாக ஏறியிருந்தாள். பின்னால் அவளுடைய ஆடுகள். ஆடுகளுக்கு மேலே, கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி சில ஆட்கள்.

வண்டியில் இடம் இல்லையா என்று கேட்டாள். இருக்கிறது என்றான். அவரைத் தெரியுமா என்றாள். எப்போதும் அங்கேதான் நிற்பார் என்றான். அப்படியானால் எப்போதும் இப்படித்தான் விட்டுவிட்டுப் போகிறாயா என்றதற்கு, ஆமாம் என்றான். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"ஒரு பாட்டில் தண்ணியாவது தூக்கிப் போட்டிருக்கலாமே?"

"மாட்டேன் அக்கா."

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. பகையாளி வந்தால்கூட முதலில் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சண்டைக்குக் கூப்பிடுவார்கள், அது அவள் ஊர் வழக்கம். டீக்கடையில் இறங்கியதும் எல்லோரிடமும் சொன்னாள். ஒருவர் மட்டும், கணவாயில் கொள்ளைக்காரர்கள் நடமாட்டம் உண்டு, அங்கே எந்த லாரியும் நிற்காது என்றார்.

"அவ்வளவு பயமா இருந்தா லாரியை வித்துட்டு வீட்டுல உக்காந்து ஆட்டுக்குப் புல்லு போடச் சொல்லுங்க," என்றாள் கபலே.

எல்லோரும் சிரித்தார்கள். யதானி டீயைக் குடித்துவிட்டு, டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்கப் போனான்.

அடுத்த சந்தைக்கும் வேறு லாரி கிடைக்கவில்லை. வேண்டா வெறுப்பாக அவன் வண்டியிலேயே ஏறினாள். மடியில் ஒரு குடுவை நிறைய ஒட்டகப் பால். இவன் நிறுத்தாவிட்டால் போகட்டும், ஜன்னல் வழியாகத் தானே அந்தக் கிழவரிடம் போட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தாள்.

கணவாய் நெருங்கியது. கிழவர் அன்று கை காட்டவில்லை. பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார்.

"பாரு, கை காட்டிக் காட்டி அலுத்துப்போய் உக்காந்துட்டார். இன்னிக்காவது நிறுத்து."

யதானி பிரேக் போட்டான். மனசு இறங்கிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து அவள் குடுவையைக் கையில் எடுத்தாள். அவனோ ஸ்டியரிங்கை ஒடித்து, வந்த வழியே லாரியைத் திருப்பினான்.

எதிரே இன்னொரு லாரி வந்தது. யதானி அதை மறித்து, கணவாய் வழியாகப் போகாதே என்றான். ஏன் என்று கேட்டான் அந்த டிரைவர். மனசுக்குச் சரியாகப் படவில்லை என்று மட்டும் சொன்னான் யதானி. டிரைவர் சிரித்தான். கூடவே கபலேயும் சிரித்தாள். அந்த லாரி போய்விட்டது.

யதானி மலையைச் சுற்றிக்கொண்டு உப்புவெளி வழியாகப் போனான். நிழலே இல்லாத வெளி. சக்கரம் புதைந்து, எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டியதாயிற்று. மார்சபிட் போய்ச் சேர்ந்தபோது சந்தை கலைந்துகொண்டிருந்தது. வெயில் தாங்காமல் கபலேயின் ஆடுகளில் இரண்டு செத்துக் கிடந்தன.

செத்த ஆட்டின் காலைப் பிடித்து இழுத்துவந்து அவன் முன்னால் போட்டாள். கோழை என்றாள், இரக்கம் கெட்டவன் என்றாள், இனி உன் வண்டி நிழலில்கூட ஒதுங்க மாட்டேன் என்றாள். கூட்டம் கூடிவிட்டது. அவன் மீதி ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் சந்தைக்குள் செய்தி வந்தது. கணவாய்க்குள் போன அந்த லாரியைக் கொள்ளைக்காரர்கள் மறித்துச் சுட்டுவிட்டார்கள். டிரைவருக்குக் காலில் குண்டு. ஆடு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கூட்டம் செய்தி வந்த பக்கம் ஓடியது. கபலே அங்கேயே நின்றாள்.

"உனக்கு எப்படித் தம்பி தெரிஞ்சது?"

யதானி சுற்றிலும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "பாதை நல்லா இருந்தா எழுந்து நின்னு கை காட்டுவார். அவனுங்க மலையில இருந்தா உக்காந்துடுவார். மேல இருந்து பார்க்கிறவனுக்கு, யாரும் ஏத்திக்காத ஒரு கிழவர், அவ்வளவுதான். நான் ஒரு தடவை நிறுத்திப் பேசினாலும், ஒரு வாய் தண்ணி கொடுத்தாலும் அவனுங்களுக்கு விஷயம் புரிஞ்சிடும். மறுநாள் அவர் உயிரோட இருக்க மாட்டார்."

கபலே வண்டிக்குள் விட்டிருந்த பால் குடுவையை எடுத்து லாரியின் படியில் மெல்ல வைத்தாள்.

"அந்த மலையடியில கிடந்து இவ்வளவு செய்யுறாரே, அவருக்குன்னு யாருமே இல்லையா?"

"ஒரு மகன் இருக்கான் அக்கா," என்றான் யதானி. "லாரி ஓட்டுறான்."