கீழே குடியிருப்போர்

அவர் அதே கேள்வியை மூன்றாவது முறையாகக் கேட்டார்.

“கீழ யாராவது குடியிருக்காங்களா?”

கேட்டது என்னை. பதில் சொன்னது ரைட்டர் தங்கசாமி. எஸ்டேட்டில் எழுத்து வேலை பார்ப்பவரை ரைட்டர் என்போம். எங்களுடைய பதில்களும் அவரிடமே இருக்கும்.

“ஈ காக்கா கிடையாது சார்.”

அதிகாரி இளையவர். இந்த மலைக்குப் புதிது. கரைமேல் ஒரு கல்லில் உட்கார்ந்து, படிவத்தை முழங்காலில் வைத்திருந்தார். பேனா எழுதவில்லை. உதறினார்.

காபிச் செடிகளுக்காக முதலாளியின் அப்பா காலத்தில் போட்ட மண் அணை. உடைந்து இரண்டு வருடம் ஆகிறது. திரும்பவும் எழுப்பிவிட்டார்கள். தண்ணீர் தேக்குவதற்கு முன்னால் அரசாங்கம் அதற்கு ஓர் ஆபத்து வகை தர வேண்டும்.

பழைய அணைக்கும் தந்திருந்தது.

கரை முனையில் நீலப் பலகை. வெள்ளை எழுத்து.

ஆபத்து வகை: குறைவு.

அணைக்குக் கீழே அப்போது எங்கள் லயம், தொழிலாளர்களின் வரிசை வீடுகள் ஒன்பது. தடுமாறாமல் வாசிக்கிறவள் நான் ஒருத்திதான். பலகை வைத்த அன்றைக்கே என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

“என்னக்கா போட்டிருக்கு?”

வாசித்தேன்.

எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும்.

என் வீட்டுக்காரர் சேசுராஜுக்கு மட்டும் இல்லை. கரையின் அடியில் வெயில் காலத்திலும் மண் ஈரமாக இருக்கிறது என்று இரண்டு தடவை போய்ச் சொன்னார். இரண்டு தடவையும் ரைட்டர் பலகையைக் காட்டினார்.

“ஒம் பொண்டாட்டிதானப்பா வாசிச்சா. சர்க்காரே குறைவுன்னு எழுதிட்டான். நீ என்ன பெரிய இன்ஜினியரா?”

கரை உடைந்து எல்லாம் முடிந்த பிறகு, விசாரணைக்கு வந்த ஒருவர் பொறுமையாக விளக்கினார். அந்த வார்த்தை கரையைப் பற்றியது இல்லையாம். கரை உடைந்தால் கீழே எத்தனை பேர் சாவார்கள் என்பதைப் பற்றியதாம். எஸ்டேட் எழுதிக் கொடுத்த படிவத்தில் எங்கள் லயம் ‘கொட்டகை’ என்று இருந்தது. கொட்டகையில் ஆள் இல்லை. ஆள் இல்லாவிட்டால், குறைவு.

நான் சரியாகத்தான் வாசித்திருந்தேன்.

விசாரணையிலும் ரைட்டர் அதையே சொன்னார். இறந்தவர்கள் அன்றைக்கு வேலைக்கு வந்தவர்களாம். அங்கே யாரும் குடியிருக்கவில்லையாம்.

“அப்ப பூஜ்யம்” என்றார் கல்லில் உட்கார்ந்திருந்த அதிகாரி.

எழுதக் குனிந்தவர் நிமிர்ந்தார். கரைக்குக் கீழே, லயம் இருந்த அதே இடத்தில், புதுக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். பக்கத்தில் தகரம் அடுக்கியிருந்தது. காபிப் பழம் பறிக்க அடுத்த மாதம் வெளியூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள்.

“அது என்ன?”

“கொட்டகை சார்.”

எனக்கு அழுகை வரவில்லை. அலுத்துவிட்டது. வார்த்தையையாவது மாற்றக் கூடாதா இந்த மனிதர்.

“கொட்டகைக்கு எதுக்கு ரைட்டரய்யா ஆறு அடுப்பு மேடை?” என்றேன்.

“காபிக்கொட்டைக்குக் குளிருமில்ல” என்றார். அவரே சிரித்தார்.

அதிகாரி சிரிக்கவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“இங்க பாருங்கம்மா. கட்டப்போறத எழுத படிவத்துல எடம் இல்ல. இருக்கறதத்தான் எழுதணும். ஒரு குடும்பம் இருந்தாக்கூட அதிகம்னு போட்டுருவேன். தண்ணி வழியுற கலிங்க அகலப்படுத்தாம ஒரு சொட்டு தேக்க விடமாட்டேன், வருஷா வருஷம் நானே வந்து பாப்பேன். ஆனா யாராவது இருக்கணும்ல?”

“இருக்கு சார். நான் இருக்கேன்.”

ரைட்டர் உச்சுக்கொட்டினார். “இது மேல பஜார்ல தங்கச்சி வீட்டுல இருக்கு சார். சும்மா பொழுது போகாம வந்து நிக்கிது.”

“வாயால சொன்னா எழுத முடியாதும்மா” என்றார் அதிகாரி. “அட்ரஸ் ப்ரூப் ஏதாச்சும்?”

பையிலிருந்து ரேஷன் அட்டையை எடுத்தேன்.

கரை உடைந்த காலையில் நான் பஜாரில், ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அதனால் நான் இருக்கிறேன். அதனால் அட்டையும் இருக்கிறது. பெயர் நீக்க வேண்டும் என்று தாலுகா ஆபீஸில் இரண்டு தடவை வரச் சொன்னார்கள்.

போகவில்லை.

அதிகாரி முகவரியைச் சத்தமாக வாசித்தார். “கதவு எண் ஆறு, அணைக்கீழ் லயம்.”

ரைட்டரைப் பார்த்தார்.

பிறகு உள்தாளைப் பிரித்து, ஒவ்வொரு பெயராக விரல் வைத்தார். சேசுராஜ். பிலோமினா, நான். ஜெனிட்டா. ரூபன்.

ரூபன் மேல் விரல் கொஞ்சம் நின்றது. சின்னவனைக் கடைசியாகத்தான் சேர்த்தோம். மை வேறு நிறம்.

“நாலு பேர். எல்லாரும் இங்கதானம்மா?”

ரைட்டர் வாயைத் திறந்தார்.

மற்ற மூவரும் செத்துப்போனார்கள் என்று அவர் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல, முதலில் அவர்கள் இங்கே குடியிருந்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

காத்திருந்தேன். இரண்டு வருடம் காத்திருந்தவளுக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

மூடிக்கொண்டார்.

அதிகாரி பேனாவை இன்னொரு முறை உதறிவிட்டு என்னைப் பார்த்தார்.

“இங்கதான் சார்” என்றேன்.