ஹாஜியாரின் குடை

ரப்பர் மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது, தோட்டத்தில் அன்று வேலை இல்லை. மேட்ச் பார்க்கப் போக ஒரு மழை போதும் என்று கிளமென்ட் நேற்று அந்தோனியாரிடம் மன்றாடியிருந்தான். மழையைக் கொடுத்த புனிதர் நிறுத்த மறந்துவிட்டார். யட்டியாந்தோட்டையிலிருந்து பஸ் மாறி வந்தவன், மாவனல்லை மைதானத்தோரம் முன்பின் தெரியாத ஒரு ஹாஜியாரின் கறுப்புக் குடைக்குள் ஒண்டி நிற்கிறான். கழுத்துவரை பொத்தான் பூட்டிய சட்டைக்குள் தோட்டத்து டீமின் சிவப்பு ஜெர்சி மூச்சுவிடாமல் ஒளிந்திருக்கிறது. சுற்றிலும் மாவனல்லைக்காரர்கள். "எங்கட டீம்தானே தம்பி?" என்று ஹாஜியார் கச்சான் கடலைக் காகிதச் சரையை நீட்டுகிறார். "சும்மா பாக்க வந்தேங்க," என்று ஒரு பிடி அள்ளிக்கொள்கிறான். கச்சான் உரிக்க இரண்டு கையும் வேண்டுமென்று குடையை அவனிடமே கொடுத்துவிடுகிறார் அவர். இருபக்கமும் கோல் இல்லை. சேற்றில் பந்து எருமைக்கன்று போலப் படுத்துக்கிடக்கிறது. கடைசி நேரத்தில் தோட்டத்துப் பையன் ஒருவன் வழுக்கி விழுகிறான். விழுந்தவன் கால் பட்டு, பந்து தானாக எழுந்து வலைக்குள் போகிறது. ஆட்டம் முடிந்த விசில் கேட்கிறது. "போட்டான்யா நம்ம பய!" என்று ஒரே ஒரு தொண்டை கிழிகிறது. கிளமென்ட்டின் இரண்டு கைகளும் குடையோடு வானத்தில் நிற்கின்றன. பொத்தான்கள் தெறித்து, நெஞ்சு சிவப்பாகத் திறந்துகிடக்கிறது. அத்தனை தலைகளும் திரும்புகின்றன. ஹாஜியாரின் தொப்பியில் விழுந்த மழை தாடி வழியே கச்சான் சரைக்குள் வடிகிறது. அவர் ஜெர்சியைப் பார்க்கிறார். அண்ணாந்து குடையைப் பார்க்கிறார்.

"மொதல்ல கொடய எறக்குங்க தம்பி. தோத்தது பத்தாதா, நனையவும் வேணுமா?"