பல் தெரிகிற படம்

நாற்காலியில் சாய்ந்திருக்கும் தபால்காரரின் முகத்தில் விளக்கு வெள்ளையாகக் கொட்டுகிறது. விழுந்த முன்பற்கள் இரண்டுக்கும் பதிலாகப் பழைய சாயலிலேயே பிரிட்ஜ் என்கிற செயற்கைப் பல் கட்ட, பல் டாக்டரம்மா அவருடைய பழைய போட்டோக்களைக் கேட்டிருந்தார். அவர் கொண்டுவந்த ஐந்து படங்களையும் இப்போது புரட்டுகிறார். "என்ன சார், கல்யாணப் படத்துலகூட வாயத் தச்ச மாதிரி நிக்கிறீங்க!" தபால்காரர் தயங்கித் தயங்கிச் சட்டைப்பையிலிருந்து ஓரம் நைந்த ஆறாவது படத்தை எடுக்கிறார். அதில் அவர் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். தோளில் ஆறு வயது மகள், முன்பல் விழுந்த பொக்கை வாயோடு. "அட, அப்போ பொண்ணு பொக்கை, இப்போ அப்பா பொக்கையா! அவளுக்கு அப்புறம் அழகா முளைச்சிருக்குமே?" சுவரில் மின்விசிறி சுற்றுகிறது. "முளைக்கலம்மா. அதுக்குள்ள போயிட்டா." டாக்டரம்மாவின் கையுறை விரல்களில் படம் அசையாமல் நிற்கிறது. "பாத்துட்டுத் திருப்பிக் குடுத்துருங்க, ஒண்ணுதான் இருக்கு" என்கிற தபால்காரர், யாரும் சொல்லாமலே வாயை அகலத் திறந்துகொள்கிறார்.