அண்டங்காக்கை இல்லாத குழு

ஏழு வரை எண்ணிவிட்டு, எட்டு வருவதற்குள் மறுபடி ஒன்றுக்குத் திரும்ப வேண்டும். ஸ்பினெக் உதடு அசையாமல் எண்ணிக்கொண்டே டாம்பரினை, கஞ்சிரா மாதிரி சலங்கை வைத்த வாத்தியத்தை, தட்டினான். இரண்டு இடத்தில் தாளம் தப்பியது.

எதிரே நீள மேசைக்குப் பின்னால் தேர்வுக் குழு. அவர்கள் முத்திரை குத்தினால்தான் பிர்னோ நகரில் எவனும் மேடையேறலாம். குத்தாவிட்டால் திங்கட்கிழமை ஏதாவது பட்டறை வாசலில் வேலை கேட்டுப் போய் நிற்க வேண்டியதுதான்.

அந்நிய டாங்கிகள் நாட்டுக்குள் வந்து ஐந்து வருடமாகிறது. போன கோடை வரைக்கும் ஸ்பினெக்கும் நண்பர்களும் வாசித்தது சைக்கடெலிக் ராக், போதை ஏறியது போல் மயக்கும் பாட்டுகள். ஒரு கச்சேரியில் ஸ்பினெக் பாடிய நாலு வரி மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. இசைக்குழுவுக்கே தடை விழுந்தது.

ஜாஸில் வரிகளே கிடையாது, எதைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பார்கள் என்றான் கிட்டார்காரன் ராதிம். அவன்தான் குழுவுக்குத் தலைவன். ஆறே மாதத்தில் அத்தனை பேரும் பாட்டே இல்லாத ஜாஸ் ஃபியூஷனுக்கு மாறி, மறுதேர்வுக்கு மனுப் போட்டார்கள்.

பாட மட்டுமே தெரிந்த ஸ்பினெக் என்ன செய்வான்? தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு டாம்பரின் தட்டுவான். அவனைக் கழற்றிவிட நண்பர்களுக்கு மனமில்லை. அவனுக்கும் வேறு போக்கிடமில்லை.

வாசித்து முடித்ததும், தேர்வுக் குழுவின் நடுவில் இருந்த அம்மாள் கோப்பின் தாள்களைப் புரட்டினாள்.

"உங்கள்ல பாடுவானே ஒருத்தன், அண்டங்காக்கைன்னு. அவன் எங்க?"

சுவரொட்டிகளில் அந்தப் பட்டப்பெயர்தான் இருக்கும். மேலிடத்துக்குப் போன புகாரிலும் அதுதான் இருந்தது, கூடவே தோள்வரை தொங்கும் முடியும். அந்தப் பெயருக்குரிய ஸ்பினெக் அவளுக்கு எதிரிலேயே நின்றான்.

ராதிம் திரும்பிப் பார்க்கவில்லை. "அவன நாங்களே துரத்திட்டோம், தோழர். அவனுக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

தன்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறான் என்று ஸ்பினெக்குக்குத் தெரியும். 

அம்மாளுக்குப் பரம திருப்தி. முத்திரையைக் கையில் எடுத்தவள், அதைக் குத்துவதற்கு முன்னால் ஆளுக்கொரு தாளை நீட்டினாள். எல்லாம் ஒரு சம்பிரதாயம்தான் என்றாள்.

தாளில் இருந்தது இதுதான்: அண்டங்காக்கை என்பவனை இனி எந்த மேடையிலும் பாடவிட மாட்டேன். அவன் நிற்கும் மேடையில் நானும் நிற்க மாட்டேன்.

மற்ற மூவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பேனா ஸ்பினெக்கிடம் வந்தது. மாட்டேன் என்று சொன்னால் நாலு பேர் பிழைப்பும் போய்விடும். போட்டான்.

வேகமாகக் கிறுக்கியதில் எழுத்து கோணிவிட்டது.

யார் பெயரென்றே தெரியவில்லையே என்று அவள் இன்னொரு தாளை எடுத்துக் கொடுத்து, தெளிவாக மறுபடி போடச் சொன்னாள்.