பென்சில் பெட்டித் தொட்டில்

மனைவிக்குப் பிரசவம் நெருங்கியதும் சுண்டெலி சிங்காரத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. புதுத் தொட்டிலுக்கு வசதியில்லை. பழைய சாமான் விற்கும் பெருச்சாளியிடம் ஒரு தேங்காய்ச் சில்லைக் கொடுத்து, மூடி தொலைந்த மரப் பென்சில் பெட்டி ஒன்றை வாங்கி வந்தான்.

"நல்லாத்தானே இருக்கு? கொஞ்சம் பஞ்சு போட்டாப் போதும்," என்றாள் மனைவி அலமேலு.

"மரச் சிலாம்பு குழந்தைங்க உடம்புல குத்திட்டா?" என்றான் சிங்காரம்.

உப்புத்தாள் துண்டு ஒன்றைத் தேடிப் பிடித்துப் பெட்டியை மழமழவென்று தேய்த்தான். மஞ்சளைக் குழைத்துப் பூசினான். காய்ந்ததும் நிறம் மங்கலாகத் தெரிந்தது. மறுபடி பூசினான். அப்புறம் ஓரத்துக்குச் சிவப்பு வேண்டும் என்று குங்குமம் தேடிப் போய்க் கொண்டுவந்தான்.

"ஏங்க, வலி எடுக்குதுங்க!" என்று உள்ளேயிருந்து அலமேலு கூப்பிட்டாள்.

"இதோ, இந்த ஒரு மூலைதான் பாக்கி!"

மூலையை முடித்து நிமிர்ந்தபோது கீச்சுக் கீச்சென்று சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தான். அலமேலுவின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு குஞ்சுகள் பால் குடித்துக்கொண்டிருந்தன. சிங்காரத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"தொட்டில் இன்னும் ஈரமா இருக்கே," என்றான் தவிப்போடு.

"காயட்டும். இதுங்க எங்கேயும் போறதா இல்லை."

பெட்டி காய்ந்தது. ஆனால் உள்ளே விட்டால் குஞ்சுகள் கத்தின. தாயிடம் வந்தால்தான் அடங்கின. எங்கேயோ மேடு தட்டுகிறது போலும் என்று சிங்காரம் தானே ஏறிப் படுத்துப் பார்த்தான். அத்தனை நாள் அலுப்பு. அப்படியே குறட்டை விட்டான்.

அலமேலு வாலால் பெட்டியை மெல்ல ஆட்டிவிட்டாள்.

"கத்தாதீங்க கண்ணுங்களா," என்றாள், "அப்பா தூங்குறாரு."