சத்தம் வராத மைக்

“மைக் நல்லாத்தான் இருக்கு சேச்சி. நான் ஊதிப் பாத்தேன், பஜார் ரோடு வரைக்கும் கேட்டுது. அந்த அம்மா வாயிலேர்ந்துதான் ஒண்ணும் வரலை.”

சவுண்ட் சர்வீஸ் குழந்தைசாமி இப்படிச் சொன்னதும் ஸுப்ரியா மேடைப் பக்கம் திரும்பினாள்.

கொச்சியில் மட்டாஞ்சேரி சமூக மடத்தில் நவராத்திரி முதல் நாள். ஸுப்ரியா நடத்தும் பஜனை கோஷ்டி இந்த வருஷம்தான் முதன்முதலாக யூட்யூபில் நேரலையாகப் போகிறது. திருப்பூணித்துறை கோஷ்டிக்காரர்கள் கட்டாயம் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுச் சும்மாவும் இருக்கமாட்டார்கள். அந்தக் கவலையில் அவளுக்கு மத்தியானச் சாப்பாடே இறங்கவில்லை. எல்லாம் ஒழுங்காகக் கேட்க வேண்டும் என்று ஆளுக்கொரு மைக் வைக்கச் சொன்னதும் அவள்தான்.

“எந்த அம்மா?”

“அந்தக் கோடியில, பச்சைப் புடவை. போன வருஷம் வரைக்கும் நடுவுல ரெண்டே மைக்கு. யாரு பாடுறாங்க, யாரு பாடலைன்னு எனக்கும் தெரியாது, சாமிக்கும் தெரியாது. இன்னிக்கு மாட்டிக்கிட்டாங்க.”

கமலாக்ஷி மாமி. கோஷ்டி ஆரம்பித்த நாளிலிருந்து இருக்கிறவள்.

மேடையில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கோடியில் சீதாலக்ஷ்மி மாமி, நேர் எதிர்க் கோடியில் கமலாக்ஷி. ஸுப்ரியா பின்பக்கமாகப் போய்க் கமலாக்ஷிக்குக் கிட்டே காதை வைத்தாள். உதடு மட்டும் அழுத்தமாக, ஒரு வார்த்தை விடாமல் அசைந்தது. சத்தம் துளி இல்லை.

பாட்டு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டாள்.

“மாமி, நேராவே கேக்கறேன். நீங்க பாடறேளா, இல்லை வாயை அசைக்கறேளா?”

“அசைக்கறேன்.”

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வாள் என்று ஸுப்ரியா நினைக்கவில்லை.

“எத்தனை நாளா?”

“முன்னெல்லாம் கொஞ்சம் பாடிண்டிருந்தேன். நான் பாடினா அடுப்பில இருக்கற பால் திரிஞ்சுடும்னு எங்காத்து மாமா சொல்லுவர். கோவம் வந்துது. அப்புறம் யோசிச்சுப் பார்த்தா, அவர் சொன்னது சரிதான். நிறுத்திட்டேன்.”

“அப்போ கீழே உக்காந்து கேக்க வேண்டியதுதானே? பாடறாப்பல நடிப்பானேன்?”

கமலாக்ஷி மேடைப் பக்கம் பார்த்தாள். அங்கே சீதாலக்ஷ்மி மாமி வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

கோஷ்டிக்கு சீதாலக்ஷ்மிதான் குரல். அடியெடுத்து அவள் பாடுவாள், மற்றவர்கள் அதையே வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். பேப்பரோ புஸ்தகமோ கையால் தொடமாட்டாள். ‘திருப்பூணித்துறைக்காரா ஃபோனைப் பார்த்துப் பாடறா, நம்மாத்து மாமி பார்க்காமப் பாடறா’ என்பதுதான் மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு இருக்கிற ஒரே பெருமை.

“யூட்யூபில முகம் தெரியணும்னு ஆசையா மாமி? மஸ்கட்ல இருக்கற பொண்ணுகிட்டே சொல்லி வெச்சாச்சாக்கும்?”

“அப்படியே வெச்சுக்கோ.”

“நன்னா இருக்கா இது? தனக்கு எது வரும், எது வராதுன்னு அவாவாளுக்குத் தெரிய வேண்டாமா?”

“தெரிஞ்சதனாலதானே சத்தம் போடாம உக்காந்திருக்கேன்.” கமலாக்ஷி கொஞ்சம் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “மைக்கை வேணா எடுத்துக்கோ ஸுப்ரியா. இடத்தை எடுக்காதே.”

பாட்டு வேண்டாம், இடம் மட்டும் வேண்டுமாம். ஸுப்ரியாவுக்கு எரிச்சலாக வந்தது.

“நீங்க உள்ளே போய் சுண்டலைப் பார்த்துக்கோங்கோ மாமி. உங்க இடத்தில அந்தப் புதுப் பொண்ணு அஞ்சனா உக்காரட்டும். அவளுக்காவது குரல் இருக்கு.”

கமலாக்ஷி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இன்னொரு தரம் சீதாலக்ஷ்மியைப் பார்த்தாள். பேசாமல் சமையல்கட்டுக்குப் போய்விட்டாள்.

கூடத்தில் கூட்டம் நிரம்பிவிட்டது. குழந்தைசாமி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். நேரலை ஆரம்பம்.

சீதாலக்ஷ்மியின் குரல் கணீரென்று எழுந்தது. பல்லவியை கோஷ்டி வாங்கிப் பாடியது. சீதாலக்ஷ்மி எதிர்க் கோடியைப் பார்த்தாள். மாமி தன்னைப் பார்க்கிறாள் என்று அஞ்சனா சந்தோஷமாகச் சிரித்தாள். அடுத்த அடி வருவதற்காக வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

மறுபடியும் பல்லவிதான் வந்தது. கோஷ்டி திருப்பியது.

இன்னொரு தரமும் பல்லவி. மாமி சங்கதி போட்டுப் பாடுகிறாள் என்று கூட்டம் தலையாட்டியது.

அதற்குப் பிறகும் பல்லவி. இப்போது ஒருவரும் தலையாட்டவில்லை. மிருதங்கக்காரர் திரும்பி ஸுப்ரியாவைப் பார்த்தார். அவள் மேடையோரம் குனிந்து, “மாமி, அடுத்த அடி,” என்று கிசுகிசுத்தாள்.

சீதாலக்ஷ்மி ஜால்ராவைத் தரையில் வைத்தாள். பாட்டு நின்றது. ஸுப்ரியா பதறிப்போய் மேடையேறி மைக்கைக் கையால் பொத்தினாள்.

சீதாலக்ஷ்மி அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டாள்.

“பொத்தாதே, எல்லாரும் கேக்கட்டும். கொஞ்ச நாளாவே பல்லவிக்கு மேல எனக்கு ஒரு வார்த்தை ஞாபகம் நிக்கறதில்லை ஸுப்ரியா. கமலாக்ஷியை வரச் சொல்லு, அவ வாயைப் பார்த்துத்தான் நான் பாடிண்டிருக்கேன்.”